தண்ணீர் எரித்த விளக்குகள்

கண்டிச் சீமைக்கு மின்சாரம் வந்த கதையைச் சொல்கிறவர்கள் லக்சபானவில் தொடங்குவார்கள். அணைக்கட்டு, அமைச்சர், திறப்புவிழா என்று கதை நேராகப் போய்விடும். நான் இஸ்டோரின் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் சனம் இஸ்டோர் என்றுதான் சொல்லும். அதன் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருக்கும். மலைமேலிருந்து ஓர் இரும்புக் குழாய் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி வந்து அந்த அறைக்குள் நுழையும். மறுபக்கத்துக் கானில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வெளியே போகும். நடுவில் என்ன நடக்கிறது என்பது உள்ளே போக அனுமதி பெற்ற இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். என் அப்பா அவர்களில் ஒருவர்.

நான் வளர்ந்து கண்டி டவுனில் மோட்டார் ரீவைண்டிங் வேலைக்குப் போனேன். ஓய்வுக்குப் பிறகு கலஹாப் பக்கம் ஒரு சின்னக் குடிலைக் கட்டி, அதற்கு ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளப் போனபோதுதான், இந்த வித்தைக்கு இந்த மலையில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வம்சாவளி இருப்பது தெரிந்தது. அதில் பெயர் பதிந்தவர்கள் கொஞ்சம், பதியாதவர்கள் அதிகம்.

முதலில் கோப்பி. ஓடைக்கரையில்தான் கோப்பிப் பழத்தின் தோலுரிக்கும் கொட்டகைகளைக் கட்டினார்கள், ஏனென்றால் பழம் கழுவவும் தண்ணீர் வேண்டும், தோலுரிக்கும் இயந்திரத்தைச் சுற்றவும் தண்ணீர் வேண்டும். மரத்தால் செய்த நீர்ச்சக்கரங்கள் அந்த வேலையைச் செய்தன. 1854இல் தொடங்கிய வோக்கர் கம்பனியின் ஆதி வியாபாரமே கண்டியில் கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்து கொடுத்ததுதான். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. பிறகு கோப்பி மெல்ல மெல்லச் செத்தது. ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். அவர் இலை உருட்டும் இயந்திரத்தை ஓட்டியதும் நீர்ச்சக்கரத்தைக் கொண்டுதான். டெய்லரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய தேயிலையின் வாசத்தைப் பாடுவார்கள், அந்தச் சக்கரத்துக்குக் கான் வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டார்கள். மலையின் வயிற்றில் மட்டம் பிடித்து, மைல் கணக்கில், தண்ணீர் தேங்காமலும் பாய்ந்து கரையை அரிக்காமலும் ஓடுகிற அளவுக்குச் சரிவு வைத்துக் கான் வெட்டுவது சின்ன வேலை இல்லை. அந்தக் கான்களில் பல இன்றும் இருக்கின்றன. மம்பட்டி பிடித்தவர்கள் எல்லாம் இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் இருந்து கங்காணியோடு நடந்து வந்த சனம்.

மரச்சக்கரம் போய் இரும்பு டர்பைன் வந்த காலத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது. இங்கிலாந்தின் வடக்கில் கெண்டல் என்று ஒரு சிற்றூர். அங்கே கில்பர்ட் கில்க்ஸ் என்பவர் 1881இல் ஒரு டர்பைன் பட்டறையை வாங்கி நடத்தினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் அந்தப் பட்டறையின் நல்ல வாடிக்கையாளர்கள். பழைய இஸ்டோர்களில் அந்தப் பெயர் பொறித்த வார்ப்பிரும்பு உறைகளை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். உயரமான மலையிலிருந்து கொஞ்சத் தண்ணீர் வந்தால் பெல்ட்டன் சக்கரம். விளிம்பில் இரட்டைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஊசிமுனைக் குழாயிலிருந்து பாயும் தண்ணீர் அவற்றின் நடுவரம்பில் அடித்து இரண்டாகப் பிரியும். கலிபோர்னியாவில் தங்கம் தோண்டும் ஊர்களில் உழன்ற லெஸ்டர் பெல்ட்டன் 1880இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தளவு உயரம் இல்லாமல் தண்ணீர் கூடுதலாக இருந்தால் டர்கோ என்ற இன்னொரு வகை. கில்க்ஸ் கம்பனியின் எரிக் குரூட்சன் 1919இல் உருவாக்கியது அது.

தொடக்கத்தில் இதில் மின்சாரமே இல்லை என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். டர்பைன் நேராக ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுற்றும். கூரையை ஒட்டி அந்தத் தண்டு இஸ்டோர் நீளத்துக்கும் ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி உருட்டும் மெசினையும் சலிக்கும் மெசினையும் காற்றாடியையும் இழுக்கும். தண்டின் கோடியில் ஒரு டைனமோவைப் பூட்டியது பிறகு வந்த யோசனை. உருட்டும் வேலை விடியுமுன் இருட்டிலேயே தொடங்கும், அதனால் இஸ்டோருக்குள் வெளிச்சம் வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கும் தேயிலைத் தூசியும் ஒரே கூரையின் கீழ் இருப்பது ஆபத்து. ஆக, பல தோட்டங்களில் மின்சாரம் முதலில் வந்தது தேயிலையைக் காப்பாற்ற.

அடுத்த கம்பி துரை பங்களாவுக்குப் போனது. பிறகு டீமேக்கர் வீடு, சில இடங்களில் பெரிய கிளாக்கர் வீடு. அங்கே கம்பி நின்றுவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குக் குப்பி லாம்புதான். எங்கள் லயம் குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. இரவில் குழாய்க்குள் தண்ணீர் இறங்குகிற இரைச்சலைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவோம். காம்பராவுக்குள் சிமினி உடைந்த லாம்பு புகை கக்கும். நூறு அடி தள்ளி இஸ்டோரின் கண்ணாடிகள் எல்லாம் மஞ்சளாக எரியும். அப்பா வேலை முடிந்து வந்து அந்த லாம்பின் திரியைத்தான் தூண்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

இதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. ஒரு காம்பராவுக்கு ஒரு பல்ப் என்று வைத்தால், இரவில் மெசின்கள் நிற்கும் நேரத்தில் அந்த டர்பைனுக்கு அது ஒரு சுமையே இல்லை. கேட்க ஆள் இல்லை என்பதே காரணம். இந்த நாட்டில் மின்கம்பம் எப்போதும் வாக்குச்சீட்டின் பின்னால்தான் நடந்து வந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்கில்லாதவனுக்குக் கம்பம் கேட்டுக் கொடுக்க எந்த எம்.பி. வருவார்? தோட்டத்துக்குள் கம்பி இழுக்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். இரண்டு பூட்டுப் போட்ட கதவு அது.

இனி லக்சபானவுக்கு வரலாம். டி. ஜே. விமலசுரேந்திர காலியில் 1874இல் பிறந்தவர், பொதுப்பணித் திணைக்களத்தில் பொறியியலாளர். களனி ஆற்றின் மேல் கிளைகளில் தங்கம் கிடைக்குமா என்று பார்க்கப் போன இடத்தில்தான் அந்தத் தண்ணீரின் பலம் அவர் கண்ணில் பட்டது என்று அவர் வரலாற்றைச் சொல்கிறவர்கள் சொல்வார்கள். பெல்ட்டன் சக்கரமும் தங்க வேட்டையிலிருந்து வந்தது. விமலசுரேந்திரவின் கனவும் அப்படியே. 1912இல் நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளாக்பூல் என்ற இடத்தில் ஒரு சிறிய நீர்மின் நிலையம் கட்டி நுவரெலியாவுக்கு வெளிச்சம் கொடுத்தார். 1918இல் இலங்கையின் மின்வளத்தைப் பற்றிப் பொறியியலாளர் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். வெள்ளைக்கார மேலதிகாரிகளுக்கு அது கசந்தது. 1924இல் தொடங்கிய லக்சபான வேலை நடுவழியில் நின்றது. அவர் உத்தியோகத்தை விட்டு, 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்கே போய் அங்கே வாதாடினார். கடைசியில் 1950இல் லக்சபான ஓடத் தொடங்கியது, 25 மெகாவாட். மூன்று வருடத்தில் அவர் இறந்துபோனார். நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள மின்நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்.

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் லக்சபானவின் கம்பி மலையேறி வந்தது இஸ்டோரின் பின்னறைக்குச் சாவுமணி அடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் மலைநாட்டுத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சுவிட்சைத் தட்டினால் அரசாங்கக் கரண்ட் வரும் என்றால் கானில் மண் வாரவும் குழாய்க்குச் சாயம் பூசவும் யார் ஆள் அனுப்புவார்கள்? ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒவ்வொன்றாக நின்றன. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு மிச்சமிருந்தவையும் கவனிப்பாரற்றுப் போயின. குழாய்கள் பழைய இரும்புக்குப் போயின. எங்கள் தோட்டத்துக் குழாயை அறுத்து லொறியில் ஏற்றியபோது அப்பா அந்தப் பக்கமே போகவில்லை.

கண்டியைச் சுற்றி அதன் பிறகு நடந்ததெல்லாம் பெரிய அளவு. 1976இல் பொல்கொல்லயில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்து உக்குவெலவுக்குத் திருப்பினார்கள். 1985இல் விக்டோரியா, 122 மீட்டர் உயரம், 210 மெகாவாட். பழைய தெல்தெனிய டவுன் தண்ணீருக்குள் போனது. அப்படியும் 1990இல் இலங்கையில் மூன்றில் ஒரு வீட்டுக்குக்கூட மின்சாரம் இல்லை. மலையோரச் சிங்களக் கிராமங்களும் எங்கள் லயங்களைப் போல இருட்டில்தான் கிடந்தன. 1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி வந்த பிறகு கார் பேட்டரி ஒன்று எல்லாருக்கும் தேவைப்பட்டது. கறுப்பு வெள்ளை டீவி பார்க்க அதைத் தோளில் சுமந்து டவுனுக்கு வந்து சார்ஜ் பண்ணிக் கொண்டுபோவார்கள். நான் வேலை பார்த்த கடையிலும் சனிக்கிழமையென்றால் பேட்டரிகள் வாசல்வரை வரிசையாக நிற்கும். "மாத்தயா, இன்று இரவு கிரிக்கெட் இருக்கிறது, கொஞ்சம் முதலில் போடுங்கள்" என்று கெஞ்சுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் பழைய வித்தை வேறு வாசலால் திரும்பி வந்தது. ஷூமாக்கர் என்ற பொருளியலாளரின் யோசனையில் பிறந்த இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பு ஒன்று எழுபதுகளின் கடைசியில் இலங்கைத் தோட்டங்களின் பழைய டர்பைன்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இறங்கியது. எண்ணெய் விலை ஏறியிருந்ததால் தோட்டங்களும் காது கொடுத்தன. தொண்ணூறுகளில் அதே ஆட்கள் கிராமங்களுக்குப் போனார்கள். 1997இலிருந்து உலக வங்கியின் கடன் டி.எஃப்.சி.சி. வங்கி வழியாக வந்தது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் கிராம நீர்மின் நிலையங்கள் அதிகம். கண்டி, நுவரெலியா மாவட்டங்களிலும் இருந்தன. ஊர் கூடி மின் நுகர்வோர் சங்கம் ஒன்றை அமைக்கும். சிரமதானத்தில் கான் வெட்டி, கமுகையோ யூக்கலிப்டஸையோ கம்பமாக நட்டு, வீட்டுக்கு 100, 200 வாட் என்று பங்கு பிரிப்பார்கள். அயர்ன் கூடாது, கேத்தல் கூடாது. யாராவது கள்ளத்தனமாகக் கேத்தலைப் போட்டால் ஊர் முழுக்க பல்ப் மங்கும். குற்றவாளியைப் பிடிக்க வேறு சாட்சி தேவையில்லை.

இந்தச் சிறு நிலையங்களுக்கு டர்பைன் கெண்டலிலிருந்து வரவில்லை. உள்ளூர்ப் பட்டறைகளில் பித்தளைக் கிண்ணம் வார்த்து, கடைசல் பிடித்து எடுத்தார்கள். ஜெனரேட்டரும் வாங்கவில்லை, சாதாரண மோட்டாரைத் திருப்பிப் போட்டார்கள். அப்படித்தான் இந்தக் கதைக்குள் நானும் வந்தேன். மூன்று பேஸ் மோட்டாரைத் தண்ணீரால் அதன் இயல்பான வேகத்துக்குச் சற்று மேலே சுற்றினால், சரியான கப்பாசிட்டர்கள் இருந்தால், அது மின்சாரம் தரும். நான்கு துருவ மோட்டார் என்றால் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒற்றை பேஸ் வேண்டுமென்றால் இரண்டு முனைகளுக்கிடையே ஒரு பங்கு கப்பாசிட்டர், அடுத்த முனைகளுக்கிடையே இரண்டு பங்கு. கிராமங்களிலிருந்து எரிந்துபோன மோட்டார்கள் என் மேசைக்கு வரத் தொடங்கியபோது, ஏன் எரிந்தது என்று கேட்டுக் கேட்டே பாடம் படித்தேன். பேராதனைப் பொறியியல் பீடத்துப் பையன்கள் சிலர் கணக்குச் சொல்லித் தந்தார்கள். அதைவிட அதிகம் சொல்லித் தந்தவர் வேறு தோட்டத்து இஸ்டோரில் டர்பைன் பார்த்த ஒரு தாத்தா. "தம்பி, சக்கரத்தைப் பார்க்காதே, தண்ணி எடுக்கிற இடத்தைப் பார். அங்கே இலை அடைச்சா இங்கே எல்லாம் பொய்" என்பார். பையன்களின் கணக்கில் இலைக்கு இடமே இல்லை.

கணக்கு லேசானதுதான். தண்ணீர் விநாடிக்கு எத்தனை லீற்றர், எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது, இரண்டையும் பெருக்கி ஐந்தால் பெருக்கினால் கைக்குக் கிடைக்கும் வாட். உண்மையில் ஐந்துக்குப் பதில் பத்துக்கு ஒட்டி வரவேண்டும். குழாயின் உராய்வும் சக்கரமும் மோட்டாரும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றுவிடுவதால் சிறிய அமைப்பில் பாதிதான் மிஞ்சும். உயரத்தைத் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை வைத்துப் படிப்படியாக அளக்கலாம். தண்ணீரை அளக்க 20 லீற்றர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். என் குடிலுக்கு மேலே ஓடை 22 மீட்டர் இறங்குகிறது. வெயில் காலத்தில் விநாடிக்கு 2 லீற்றர் எடுக்கலாம். 220 வாட். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது இரவும் பகலும் ஓடுகிறது. நாளுக்கு 5 யூனிட்டுக்கு மேல். அதே 220 வாட் எழுதிய சூரியத் தகடு கண்டி மேகத்துக்குக் கீழே நாளுக்கு ஒரு யூனிட் தந்தால் பெரிது.

கட்டியது இப்படி: ஓடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மறிப்பு, பக்கத்தில் மண் படியச் சின்னத் தொட்டி, அதன் வாயில் இலை தடுக்கும் வலை, அங்கிருந்து மண்ணுக்குள் புதைத்த பி.வி.சி. குழாய். கட்டுகஸ்தோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில் மோட்டார் எடுத்தேன். பெல்ட்டன் சக்கரத்தைக் கிராம நிலையங்களுக்கு வார்த்துப் பழகிய பட்டறை ஒன்றில் செய்வித்தேன். மிகவும் தலையைக் குடைந்தது வேகக் கட்டுப்பாடு. அப்பாவின் அறையில் இரண்டு இரும்புக் குண்டுகள் குடைராட்டினம் போலச் சுற்றும். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து தண்ணீரைக் குறைக்கும், குறைந்தால் திறக்கும். அதை இன்று குடிலுக்குச் செய்ய முடியாது, விலை ஒத்துவராது. புதிய முறையில் தண்ணீரைத் தொடுவதே இல்லை. வீட்டில் விளக்கை அணைத்தால் மிஞ்சும் மின்சாரத்தை ஒரு மின்னணுப் பெட்டி சுடுநீர்க் கம்பிக்குத் திருப்பிவிடும், சுமை எப்போதும் ஒன்றாகவே இருக்கும். அந்தப் பெட்டி செத்தால் சக்கரம் தறிகெட்டு ஓடி வோல்ட் ஏறிவிடும். அதனால் தனியாக ஒரு பாதுகாப்புச் சுவிட்சும் உண்டு. என் வீட்டில் குளிக்கிற தண்ணீர் எப்போதும் சூடு. மனைவிக்கு இந்த அமைப்பில் பிடித்த ஒரே பகுதி அதுதான்.

கிராமச் சங்கங்களின் கதை பிறகு சோர்ந்துபோனது. 2000க்குப் பிறகு மின்சார சபையின் கம்பங்கள் வேகமாக மலையேறின. 2016 அளவில் ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் போய்விட்டன. கேத்தல் போடக்கூடிய கரண்ட் வந்தால் 200 வாட் சங்கத்துக்கு யார் சந்தா கட்டுவார்கள்? லக்சபான இஸ்டோர்களுக்குச் செய்ததையே இது கிராமங்களுக்குச் செய்தது. லயங்களுக்கும் இந்த அலையில்தான் பெரும்பாலும் வெளிச்சம் கிடைத்தது, ஆகவே நான் கம்பத்தைக் குறை சொல்லமாட்டேன். லயத்தில் பிறந்தவன் யாரும் சொல்லமாட்டான். சொல்வதெல்லாம், இருக்கிற சிறு நிலையத்தைக் கம்பத்தோடு கோத்துவிட ஆரம்பத்திலேயே யோசித்திருக்கலாம் என்பதுதான். தனியார் சிறு நிலையங்களுக்கு அந்த வழி 1996இலேயே டிக்கோயாவில் திறந்தது. சங்கங்களுக்கு மிகப் பிந்தித்தான், அதுவும் சிலவற்றுக்கு மட்டும்.

பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. எண்ணெய் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களில் தண்ணீரும் இல்லை. கண்டி டவுனில் கூரைமேல் சூரியத் தகடு போட்டிருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்: வெயில் கொளுத்துகிறது, ஆனால் வீட்டில் கரண்ட் இல்லை. கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால் அந்த இன்வெர்ட்டர்கள் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவனின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. கம்பியோடு கோத்ததும் கம்பியில்லாமல் ஓடுவதும் வேறு வேறு என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அந்த ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்துவிட்டது, கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்துவையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. பற்றாக்குறையிலும் தொல்லை, மிகுதியிலும் தொல்லை.

இதற்கெல்லாம் பிறகு ஆட்கள் குடிலுக்கு வரத் தொடங்கினார்கள். பங்களாவை ஹோட்டல் ஆக்கியவர்கள், ஹந்தானைப் பக்கம் விடுமுறை வீடு கட்டியவர்கள், எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி விலை. அண்மையில் வந்த இரண்டு பையன்கள் மட்டும் வேறு மாதிரி. தோட்டத்துப் பையன்கள், லயத்தை விட்டுத் தனிவீட்டுத் திட்டத்துக்குப் போன குடும்பம். அவர்கள் தோட்டத்து இஸ்டோர் மூடிப் பல வருடம். பின்னறையில் டர்பைன் உறை இன்னும் இருக்கிறதாம், குழாய்தான் இல்லையாம், மேலே கான் பாதிக்கு நல்ல நிலையில் இருக்கிறதாம். "அண்ணே, அதை ஓட்டலாமா?" என்றார்கள். கான் யாருடையது, தண்ணீர் யாருடையது, கம்பனியிடம் எழுத்தில் அனுமதி உண்டா என்று கேட்டேன். அதை விசாரிக்கிறோம் என்றார்கள். மழையில் அளந்துவிட்டு என்னிடம் வராதீர்கள், பங்குனியில் ஓடை மெலிந்து கிடக்கும்போது வாளி வைத்து அளந்து, அந்த எண்ணைக் கொண்டு வாருங்கள், அதற்கு மேல் பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன்.